மவுஸ், கேபிள், சார்ஜர் வழியாக மால்வேர் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரண மவுஸ், கீபோர்டு போன்றவற்றில் மால்வேர் இருக்க முடியுமா?

மால்வேர், அதாவது தீங்கு செய்யும் மென்பொருள், அவற்றில் இருக்க முடியும். ஆனால் இந்த ஒரு வரி விடையோடு நிறுத்திக்கொண்டால், அஞ்ச வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு எதற்கோ அஞ்ச நேரிடும். துணைக்கருவி ஒன்றின் வழியாகக் கணினிக்குள் தீங்கு நுழையும் வழிகள் மூன்று. கருவிக்குள் இருக்கும் சிப்பே தீய நோக்கத்தோடு நிரல் எழுதப்பட்டதாக இருக்கலாம். கருவியில் கோப்புகளைச் சேமிக்கும் நினைவகம் இருந்து, அதில் வைரஸ் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கருவியில் எந்தக் குறையும் இல்லாமல், அதனோடு நிறுவச் சொல்லும் மென்பொருளில் மால்வேர் கலந்திருக்கலாம். முதல் வகையைப் பற்றித்தான் பரபரப்பான செய்திகள் வருகின்றன. வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் கணினி பயன்படுத்துபவருக்கு மூன்றாவது வகைதான் மிக அருகில் இருக்கும் ஆபத்து என்பது என் உறுதியான கருத்து.

கோப்புகளைச் சேமிக்க மவுஸில் இடமே இல்லையே, மால்வேர் எங்கே தங்கும்?

மவுஸின் நகர்வை அளந்து, எண்களாக்கி, கணினிக்கு அனுப்பும் வேலையை உள்ளே இருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் என்ற சிறிய சிப் செய்கிறது. அதற்கெனச் செயலி உண்டு, சிறிதளவு நினைவகம் உண்டு, அந்த நினைவகத்தில் ஃபார்ம்வேர் எனப்படும் நிரல் உண்டு. அந்த இடம் கணினியில் ஒரு டிரைவாகத் தெரியாது. அதில் கோப்பை இழுத்துப் போடவும் முடியாது. என்றாலும் நிரல் ஓடும் இடம் அது, ஆகவே தீய நிரலும் ஓடக்கூடிய இடம்தான்.

யுஎஸ்பி துளையில் ஒரு கருவியைச் செருகியதும், அது யார் என்று கணினி கேட்கிறது. கருவி தன் தயாரிப்பாளர் எண், பொருள் எண், தான் எந்த வகையைச் சேர்ந்தது என்ற விவரம் ஆகியவற்றைத் தருகிறது. தரப்பட்ட விவரம் மெய்யா என்று சரிபார்க்கும் ஏற்பாடு யுஎஸ்பியின் அடிப்படை வடிவமைப்பில் இல்லை. கீபோர்டு என்று சொல்லிக்கொண்டால் கீபோர்டாக ஏற்கப்படும்; மவுஸாகவும் கீபோர்டாகவும் ஒரே நேரத்தில் அறிமுகப்படுத்திக்கொண்டாலும் தடையில்லை. கீபோர்டு விஷயத்தில் இந்த இடைவெளியை அடைப்பது எளிதும் அன்று. அனுமதி கேட்டுவிட்டுத்தான் கீபோர்டை ஏற்பது என்று கணினி முடிவு செய்தால், வேறு கீபோர்டோ மவுஸோ இல்லாத கணினியில் அந்த அனுமதியைக் கொடுப்பதற்கே வழி இருக்காது.

2014 ஆகஸ்டில் நடந்த பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற இரு ஆய்வாளர்கள் இதை நடத்திக் காட்டினார்கள். சாதாரணப் பென் டிரைவின் ஃபார்ம்வேரை மாற்றி எழுதி, அதைக் கீபோர்டாக நடிக்க வைத்தார்கள். இவ்வகைத் தாக்குதலுக்குப் பேட்யுஎஸ்பி என்ற பெயர் அப்போதிருந்து வழங்குகிறது. அதே ஆண்டில் ஆடம் காடில், பிராண்டன் வில்சன் என்ற வேறு இருவர், ஃபைசன் நிறுவனத்தின் யுஎஸ்பி சிப்புக்கு இதைச் செய்யும் நிரலைப் பொதுவில் வெளியிட்டார்கள். தயாரிப்பாளர்கள் சிக்கலைத் தீர்க்க வேண்டுமென்றால் வெளிப்படையாகக் காட்டத்தான் வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எளிய மவுஸ்கள் பலவற்றில் ஃபார்ம்வேர் தொழிற்சாலையில் ஒருமுறை பதிக்கப்படுவதோடு சரி, பிறகு மாற்றவே முடியாது. அத்தகைய மவுஸை வைரஸ் பிடித்த கணினியில் செருகி எடுத்தாலும் அதற்குள் எதுவும் ஏறாது. விளக்குகள், பல பொத்தான்கள், புதுப்பிக்கக்கூடிய ஃபார்ம்வேர் ஆகிய வசதிகள் கொண்ட கருவியில்தான் பின்னாளில் மாற்றி எழுதும் கதவு திறந்திருக்கிறது. வசதி கூடக் கூட நுழைவழியும் கூடுகிறது.

கீபோர்டாக நடிக்கும் கருவி அப்படி என்ன செய்துவிட முடியும்?

கணினியின் முன் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தட்டச்சு செய்து செய்யக்கூடிய எதையும் செய்ய முடியும். விண்டோஸ் கணினி ஒன்றில் இது பெரும்பாலும் இப்படி நடக்கும்: கருவியைச் செருகியதும் வழக்கமான இணைப்பு ஒலி கேட்கிறது. ஓரிரு நொடிகளில், நீங்கள் எதையும் தொடாமலேயே, திரையின் இடது கீழ் மூலையில் ரன் என்ற சிறிய பெட்டி திறக்கிறது. அதில் ஒரு நீண்ட வரி கண்ணால் படிக்க முடியாத வேகத்தில் நிரம்புகிறது, பெட்டி மூடுகிறது, கருப்பு அல்லது நீல நிறச் சாளரம் ஒன்று மின்னி மறைகிறது. அவ்வளவுதான். அந்த ஒரு வரி, இணையத்திலிருந்து உண்மையான மால்வேரை இறக்கி ஓடவிடும் கட்டளை. கருவிக்குள் வைரஸ் கோப்பு எதுவும் இல்லை. விசை அழுத்தங்களின் வரிசை மட்டுமே இருந்தது.

திரை பூட்டியிருந்தால் இந்த வித்தை பலிக்காது. எழுந்து போகும்போது திரையைப் பூட்டும் பழக்கம் இங்கே நேரடியாகப் பயன் தருகிறது.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் மட்டும் நடப்பதா, வெளியிலும் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் எஃப்பிஐ ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஃபின்7 என்ற குற்றக்குழு, முந்தைய ஆண்டு ஆகஸ்ட் முதல் போக்குவரத்து, காப்பீடு, நாட்டுப் பாதுகாப்பு ஆகிய துறைகளைச் சேர்ந்த அமெரிக்க நிறுவனங்களுக்கு அஞ்சலில் யுஎஸ்பி கருவிகளை அனுப்பி வந்தது. சில உறைகள் சுகாதாரத் துறையின் கோவிட் வழிகாட்டுதல் போல வந்தன. சில, நன்றிக் கடிதமும் போலிப் பரிசு அட்டையும் கொண்ட அமேசான் பரிசுப்பெட்டி போல வந்தன. உள்ளே இருந்தது பென் டிரைவ் போலத் தோன்றி, செருகியதும் கீபோர்டாக மாறும் கருவி.

தீய நோக்கமே இல்லாமல் நடந்தவையும் உண்டு, அவை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகின்றன. 2006 செப்டம்பர் 12-க்குப் பின் விற்ற வீடியோ ஐபாட்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவற்றில் விண்டோஸ் வைரஸ் ஒன்று சேர்ந்து வந்துவிட்டதாக ஆப்பிள் நிறுவனமே அறிவித்தது. 2017 டிசம்பரில் தைவான் காவல்துறை, இணையப் பாதுகாப்பு வினாடிவினாவில் வென்றவர்களுக்கு 250 பென் டிரைவ்களைப் பரிசளித்தது. அவற்றில் 54-ல் மால்வேர் இருந்தது பின்னர் தெரியவந்தது. ஒப்பந்த நிறுவனத்தில் அவற்றைச் சோதிக்கப் பயன்படுத்திய கணினியிலிருந்து அது ஒட்டிக்கொண்டிருந்தது. உறை பிரிக்காத புதுப் பொருள், நம்பிக்கையான இடத்திலிருந்து வந்த பொருள் என்பவை மட்டுமே போதிய உத்தரவாதம் ஆகா.

மென்பொருள்தான் பெரிய ஆபத்து என்று ஏன் சொல்கிறீர்கள்?

ஒரு சிப்பைத் திருத்தித் தீங்கு செய்ய விரும்புபவர் அதைத் தயாரிக்க வேண்டும், உங்கள் கைக்கு வந்து சேரச் செய்ய வேண்டும், நீங்கள் செருகும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஆனால் மவுஸின் விளக்கு நிறத்தை மாற்றும் மென்பொருளை நீங்களே தேடி இறக்குகிறீர்கள், நிர்வாகி அனுமதியையும் நீங்களே கொடுக்கிறீர்கள். ஒரே ஒரு நிறுவியில் (மென்பொருளை நிறுவும் கோப்பில்) மால்வேர் சேர்ந்தால், அதை இறக்கும் அத்தனை பேரின் கணினிகளிலும் அது குடியேறிவிடும்.

2025 ஜூன் 26 முதல் ஜூலை 9 வரை எண்ட்கேம் கியர் என்ற கேமிங் மவுஸ் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே, ஒரு மாடலுக்கான அமைப்பு மென்பொருள் மால்வேர் கலந்த நிலையில் இருந்தது. அதற்குச் சற்று முன்பு புரோகலர்டு என்ற பிரிண்டர் நிறுவனத்தின் மென்பொருளிலும் இதே எக்ஸ்ரெட் வகை மால்வேர் கண்டுபிடிக்கப்பட்டது. தட்டச்சு செய்வதைப் பதிவு செய்து வெளியே அனுப்பும் ஆற்றல் கொண்டது அது. பழைய எடுத்துக்காட்டும் உண்டு: 2010-ல் எனர்ஜைசர் நிறுவனத்தின் பேட்டரி சார்ஜர் ஒன்றுக்கான விண்டோஸ் மென்பொருளில், கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் பின்கதவு இருந்தது தெரியவந்தது. எவ்வளவு சார்ஜ் ஏறியிருக்கிறது என்று திரையில் காட்டுவதற்காக மட்டும் கொடுக்கப்பட்ட மென்பொருள் அது. சார்ஜர் அது இல்லாமலேயே வேலை செய்தது.

மால்வேர் கலக்காத மென்பொருளும் வழி திறந்துவிடலாம். 2021 ஆகஸ்டில் ரேசர் மவுஸ் ஒன்றைச் செருகினால், விண்டோஸ் தானாகவே அதன் நிறுவியை இறக்கி, கணினியின் உச்ச அதிகாரத்தோடு ஓடவிட்டது. எந்த ஃபோல்டரில் நிறுவுவது என்று கேட்கும் சாளரத்தில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்தால், கணினிக்குக் கட்டளைகள் கொடுக்கும் பவர்ஷெல் சாளரம் திறந்தது, அதே உச்ச அதிகாரத்தோடு. சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் ஒரு மவுஸின் துணையால் கணினியின் முழு உரிமையாளராகிவிடலாம் என்ற நிலை. குறை பின்னர் சரிசெய்யப்பட்டது.

இதனால் நான் சொல்லும் அறிவுரை எளிது. மவுஸ், கீபோர்டு, ஹெட்செட், வெப்கேம் ஆகியவற்றுக்குத் தேவையான பொது டிரைவர்கள் (கருவியைக் கணினியோடு இயங்கச் செய்யும் மென்பொருள்கள்) இயங்குதளத்திலேயே இருக்கின்றன. செருகியதும் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். செய்தால் வேறு எதையும் நிறுவ வேண்டாம். கூடுதல் வசதி கட்டாயம் வேண்டுமென்றால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் இறக்கி, ஆன்டிவைரஸ் கொண்டு சோதித்து, வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள். பல மவுஸ்கள் அமைப்புகளைத் தம் நினைவகத்திலேயே வைத்துக்கொள்வதால், ஒருமுறை அமைத்த பின் அந்த மென்பொருள் தேவைப்படுவதில்லை. தேடுபொறியில் டிரைவர் என்று தேடியதும் முதலில் வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்குவது, என் பார்வையில், தெரியாத பென் டிரைவைச் செருகுவதற்குச் சமமான ஆபத்து.

வயர்லெஸ் மவுஸ் பாதுகாப்பானதா?

2016-ல் பாஸ்டீல் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர் மார்க் நியூலின் மவுஸ்ஜாக் என்ற குறைபாட்டை வெளியிட்டார். புளூடூத் அல்லாமல், கணினியில் செருகும் டாங்கிள் என்ற சிறிய யுஎஸ்பி ஏற்பி மூலம் இணையும் மவுஸ்கள் பலவற்றில், மவுஸின் சமிக்ஞைகள் மறையாக்கம் (பிறர் படிக்கவோ போலி செய்யவோ முடியாதபடி குறியீடாக்குதல்) செய்யப்படவில்லை. கீபோர்டின் சமிக்ஞைகள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், மறையாக்கமற்ற விசை அழுத்தம் ஒன்று வந்தால் அதையும் சில டாங்கிள்கள் ஏற்றுக்கொண்டன. ஆகவே சுமார் 100 மீட்டர் தொலைவில் இருக்கும் ஒருவர், மலிவான வானொலிக் கருவியைக் கொண்டு உங்கள் கணினியில் தட்டச்சு செய்ய முடிந்தது. லாஜிடெக், டெல், மைக்ரோசாஃப்ட், லெனோவோ உள்ளிட்ட ஏழு நிறுவனங்களின் கருவிகளில் இது இருந்தது. சில டாங்கிள்களுக்கு ஃபார்ம்வேர் திருத்தம் வந்தது. சிலவற்றில் மாற்றி எழுதவே வழியில்லை.

உங்கள் டாங்கிள் அந்தக் காலத்துக்கு முந்தையதாக இருந்தால், தயாரிப்பாளரிடம் திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முக்கியமான கணினியில் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கேபிளிலும் சார்ஜரிலும் கூடவா?

வெறும் கம்பிகள் மட்டும் உள்ள கேபிளில் மால்வேர் இருக்க இடமில்லை. ஆனால் கேபிளின் முனைக்குள் ஒரு சிப்பை ஒளித்துவைக்க முடியும். 2019-ல் பொதுவில் காட்டப்பட்ட ஓஎம்ஜி கேபிள் அத்தகையது: பார்வைக்குச் சாதாரணச் சார்ஜிங் கேபிள், உள்ளே வைஃபையோடு கூடிய கட்டுப்பாட்டுச் சிப். பாதுகாப்புச் சோதனையாளர்களுக்காக விற்கப்படும் பொருள் என்றாலும், யார் வேண்டுமானாலும் அதை வாங்க முடியும். அதன் விலை சாதாரணக் கேபிளைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், கண்டவருக்கெல்லாம் அதை யாரும் விநியோகிக்க மாட்டார்கள். குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைப்பவரே பயன்படுத்துவார்.

பொது இடங்களில் சார்ஜ் செய்யும்போது போனிலிருந்து தரவு திருடப்படும் என்ற எச்சரிக்கை 2011 முதல் சுற்றிவருகிறது. அதன் பிறகு போன்கள் மாறிவிட்டன. ஐபோன் 2013-ல் வந்த ஐஓஎஸ் 7 முதல், இந்தக் கணினியை நம்பலாமா என்று கேட்கிறது. ஆண்ட்ராய்டு போன்களும் இயல்பாகச் சார்ஜ் மட்டுமே ஏற்கின்றன. சார்ஜ் ஏற்றும்போது போன் திரையில் அத்தகைய கேள்வி தோன்றினால், அதுவே எச்சரிக்கை மணி: வெறும் சார்ஜருக்கு உங்கள் நம்பிக்கை தேவையே இல்லை. மறுத்துவிட்டுக் கேபிளைப் பிடுங்குங்கள். சொந்த அடாப்டரை மின்செருகியில் மாட்டிக்கொள்வதே எல்லாவற்றையும் விட நல்லது.

யுஎஸ்பி விசிறி, விளக்கு, கப் சூடாக்கி?

உள்ளே இரண்டு மின்கம்பிகள் மட்டும் இருந்தால் அதனால் எதையும் கடத்த முடியாது. வெளியிலிருந்து பார்த்து அதை உறுதிசெய்ய முடியாது என்பதால், கணினியில் செருகாமல் சுவரில் உள்ள அடாப்டரில் செருகுங்கள்.

வெப்கேம், மானிட்டர் போன்ற பெரிய கருவிகள்?

இவற்றில் சிப் இன்னும் ஆற்றல் மிக்கது. 2025 ஆகஸ்டில் எக்லிப்சியம் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், லெனோவோவின் இரண்டு வெப்கேம் மாடல்களை எடுத்துக் காட்டினார்கள். அவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸ் என்ற முழு இயங்குதளம். ஃபார்ம்வேரை ஏற்கும்போது, அது தயாரிப்பாளரிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்படவில்லை. கணினியில் நுழைந்துவிட்ட ஒருவர், அந்த வெப்கேமையே கீபோர்டாக நடிக்கும் கருவியாக மாற்றிவிடலாம். கணினியை முழுவதும் அழித்து மறுபடி நிறுவினாலும் வெப்கேம் திரும்பவும் தொற்றவைக்கும். லெனோவோ இதற்குத் திருத்தம் வெளியிட்டது. 2016-ல் டெல் மானிட்டர் ஒன்றின் ஃபார்ம்வேரை மாற்றி, திரையில் தெரிவதையே திருத்திக் காட்டியவர்களும் உண்டு.

பென் டிரைவைச் செருகினாலே வைரஸ் வந்துவிடுமா?

ஒரு காலத்தில் வந்தது. செருகியதும் உள்ளிருக்கும் நிரலைத் தானாக ஓடவிடும் ஆட்டோரன் வசதியைப் பயன்படுத்தியே 2008-ல் தோன்றிய கான்ஃபிக்கர் போன்ற மால்வேர்கள் பென் டிரைவ்கள் வழியாகவும் பரவின. விண்டோஸ் 7-ல் பென் டிரைவ்களுக்கு அந்த வசதி நிறுத்தப்பட்டது. 2011 பிப்ரவரியில் அதற்கு முந்தைய விண்டோஸ் பதிப்புகளான எக்ஸ்பி, விஸ்டா ஆகியவற்றுக்கும் திருத்தம் வந்தது. 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற மால்வேர், ஃபோல்டரைத் திறந்து குறுக்குவழிக் கோப்பின் படத்தைப் பார்த்தாலே தொற்றும் அளவுக்கு ஒரு குறைபாட்டைப் பயன்படுத்தியது, அதுவும் அடைக்கப்பட்டுவிட்டது. இன்று பெரும்பாலும் தொற்றுவது, ஃபோல்டர் போலத் தோன்றும் குறுக்குவழியையோ ஆவணம் போலத் தோன்றும் நிரலையோ பயனரே இருமுறை சொடுக்குவதால்தான். கோப்பின் பெயர் நீட்டிப்பு (பெயரின் இறுதியில் வரும் .exe போன்ற எழுத்துகள்) தெரியும்படி அமைத்துக்கொண்டால் பாதி ஏமாற்று அப்போதே புலப்படும்.

கீழே கிடந்த டிரைவை யார் எடுத்துச் செருகப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் 297 டிரைவ்கள் ஆங்காங்கே போடப்பட்டன. ஏறத்தாழப் பாதி டிரைவ்களில் இருந்த கோப்புகள் திறக்கப்பட்டன. உரிமையாளரைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கத்தான் திறந்தோம் என்று பலர் கூறினர். நல்லெண்ணமே இங்கே வலையாகிறது.

ஆன்டிவைரஸ் கண்டுபிடிக்காதா? ஃபார்மட் செய்தால் போதாதா?

கோப்புகளில் உள்ளதை ஆன்டிவைரஸ் கண்டுபிடிக்கும், ஃபார்மட் அழிக்கும். சிப்பின் ஃபார்ம்வேரை இரண்டுமே தொடுவதில்லை. ஆனால் போலிக் கீபோர்டு இறக்கிவிடும் மால்வேர் கணினிக்குள் வந்த பின், அதை ஆன்டிவைரஸ் பிடிக்க வாய்ப்பு உண்டு. ஆகவே அதை அணைத்துவைக்க இது காரணமாகாது.

புதிதாக வாங்கிய கருவியைச் சோதிக்க வழி உண்டா?

முழு உறுதி தரும் சோதனை வீட்டில் சாத்தியமில்லை. சந்தேகத்தை எழுப்பும் சோதனை சாத்தியம். விண்டோஸில், இணைந்துள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு கருவியைச் செருகி, எந்தப் பிரிவுகளில் புதிதாக என்ன முளைக்கிறது என்று பாருங்கள். பென் டிரைவைச் செருகியபோது கீபோர்டுகள் என்ற தலைப்பின் கீழ் புதிய வரி ஒன்று வந்தால் உடனே பிடுங்குங்கள். ஆனால் பல பொத்தான்கள் உள்ள மவுஸும், ஒலியளவுப் பொத்தான் உள்ள ஹெட்செட்டும் தம்மைக் கீபோர்டு வகையாகவும் பதிவு செய்வது இயல்பே. ஆகவே மவுஸில் அந்த வரியைக் கண்டதும் பதற வேண்டாம்.

ஆப்பிள் சிப் கொண்ட மேக் மடிக்கணினிகளில், 2022-ல் வந்த வென்சுரா பதிப்பு முதல், புதிய யுஎஸ்பி கருவியை இணைக்கலாமா என்று கணினியே கேட்கிறது. அந்த அமைப்பை மாற்றிவிட வேண்டாம். லினக்ஸில் யுஎஸ்பிகார்ட் என்ற மென்பொருள் இதே வேலையைச் செய்யும். அலுவலகங்களில் நிர்வாகிகள், அனுமதித்த கருவிகள் தவிர வேறு எதையும் விண்டோஸ் நிறுவாதபடி, அதன் நிர்வாக விதிகளை அமைக்கும் குரூப் பாலிசியில் கட்டுப்படுத்தலாம். கருவி தன் அடையாள எண்ணையே பொய்யாகத் தரக்கூடும் என்பதால் இதுவும் முழுக் காவல் ஆகாது. ஆனாலும் தாக்குபவருக்கு வேலையைக் கடினமாக்கும்.

சந்தேகமான கருவியை ஏற்கெனவே செருகிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

கருவியைப் பிடுங்கிவிட்டு, வைஃபையை அணையுங்கள் அல்லது இணையக் கேபிளைக் கழற்றுங்கள். என்ன கண்டீர்கள் என்பதை நினைவுபடுத்திக் குறித்துக்கொள்ளுங்கள்: ஏதேனும் சாளரம் மின்னி மறைந்ததா, கோப்பைத் திறந்தீர்களா, எதையாவது நிறுவினீர்களா? எதுவும் நடக்கவில்லை என்றால், இயங்குதளம் தொடங்கும் முன் ஓடும் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்றைச் செய்து, கணினி தொடங்கும்போது தானாக ஓடும் நிரல்களின் பட்டியலில் புதிதாக ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாளரம் மின்னியிருந்தாலோ அறியாத நிரலை ஓடவிட்டிருந்தாலோ, அந்தக் கணினியில் எந்தக் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்யாமல், வேறு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கிக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றுங்கள். பிறகு வேறொரு நல்ல கணினியில் தயாரித்த நிறுவல் டிரைவைக் கொண்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே நம்பத்தக்க வழி.

அலுவலகக் கணினி என்றால் இவற்றில் எதையும் நீங்களாகச் சரிசெய்ய முனையாமல், பிணையத்திலிருந்து துண்டித்த உடனே தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் சொல்லிவிடுங்கள். திட்டு விழும் என்று மறைத்து ஒரு நாள் தள்ளிப்போடுவது, மால்வேர் மற்றக் கணினிகளுக்குப் பரவக் கிடைக்கும் அவகாசம். கருவியை எறிந்துவிடாமலும், சோதித்துப் பார்க்க வேறு கணினியில் செருகாமலும், அது வந்த உறையோடும் கூட வந்த கடிதத்தோடும் அவர்களிடம் ஒப்படையுங்கள்.